தலைமாட்டில் இருந்த கேசட்

பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் ஸ்பீக்கர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். ரங்கூனில் அப்போதெல்லாம் பாட்டு இல்லாமல் பஸ் நகராது. எந்த பஸ்ஸில் என் அக்கா பாடுவாள் என்று சொல்ல முடியாது. அவள் செத்துப்போன பிறகு நடந்தது இது, அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா சந்தையில் தோசை சுட்டு விற்றாள். எண்பத்தெட்டுக் குழப்பத்தில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். திறந்தபோது நான் திரும்பிப் போகவில்லை. போகிற வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். மழை வந்தால் ஆறு உள்ளே வந்துவிடுமோ என்று, மழை வராவிட்டால் ஏன் வரவில்லையோ என்று. வீட்டோடு இருந்து, பக்கத்தில் ஒரு பர்மியத் தையல்காரியிடம் பெண்கள் போடும் எஞ்சிச் சட்டை தைக்கப் பழகிக்கொண்டேன்.

அக்கா எனக்கு நேர் எதிர். அவளுக்குப் பயப்படவே நேரம் கிடையாது, எந்நேரமும் பாட்டு. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பாடுவாள். பாடுகிற நாளில் வாயில் ஒன்றும் போடமாட்டாள். வயிறு நிறைந்தால் குரல் மேலே ஏறாது என்பாள். அம்மா தோசையை இலையில் சுருட்டிக் கையில் திணிப்பாள். அது அப்படியே ஆறிப்போய்த் திரும்பி வரும்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கப்பலில் வேலை பார்த்தார். ஐரோப்பாத் துறைமுகங்களுக்குப் போய்வருகிற கப்பல். அவர்தான் ஒரு வெள்ளைக்காரப் பாடகியின் முதல் கேசட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் குட்டையாக வெட்டிய மஞ்சள் முடியும் வெள்ளிநிறச் சட்டையுமாக ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். போட்டால் டம்டம் என்று மேளம் அடிக்கும், அதன் மேல் அவள் குரல் கண்ணாடியில் விரலை இழுப்பது போலப் போகும். ஆடுவதற்கான பாட்டுகள். துறைமுகத்துக் கடையில் கண்ணாடி ஜன்னலிலேயே அவள் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்ததாக மாமா சொன்னார். அடுத்த தடவை இரண்டாவது கேசட் கொண்டுவந்தார். அது ஜன்னலில் இல்லையாம், உள்ளே அலமாரியில் இருந்ததாம்.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேட்டுக்கேட்டு அந்தப் பாட்டுகளை அப்படியே பாடுவாள். கேசட்டில் அவள் எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கே இவளும் மூச்சு வாங்குவாள். மாவு ஆட்டும்போது பாடுவாள், தண்ணீர் தூக்கும்போது பாடுவாள். அம்மாவுக்கு அது எந்த நாட்டுப் பாட்டு என்றே தெரியாது. தன் பெண் பாடும் பாட்டு, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் காப்பிப் பாட்டு என்று ஒரு தொழில் உண்டு. வெளிநாட்டு மெட்டை எடுத்துக்கொண்டு, பர்மிய வரிகளைப் போட்டு, இங்கே உள்ளவர்களை வைத்துப் பாடிக் கேசட்டாக விற்பார்கள். அப்படி ஒருவர் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். எல்லோரும் அவரை சயா, அதாவது வாத்தியார், என்பார்கள். நான் சட்டை தைத்துக் கொடுத்த ஒரு பெண் மூலம் அக்காவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைக்காரியின் பாட்டுகளைக் காப்பி எடுக்க அவர் ஏற்கெனவே ஓர் அழகான பெண்ணைப் பிடித்திருந்தார். விளம்பரங்களில் வருகிற முகம். ஆனால் மேல் ஸ்தாயி வந்தால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அக்காவைப் பாடவைத்துவிட்டு, அட்டையில் அந்தப் பெண்ணின் படத்தையும் பெயரையும் போடுவது என்று முடிவாயிற்று.

யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டேன். அக்கா சிரித்தாள்.

"முகத்துக்கு அவ, தொண்டைக்கு நான். போலீஸா வரப்போகுது? நீ தைக்கிற எஞ்சியில உன் மூஞ்சியா இருக்கு?"

ஒலிப்பதிவு அறைச் சுவர் முழுக்க எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டை ஒட்டியிருந்ததையும், கரண்ட் போனால் பாதிப் பாட்டில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து காத்திருப்பதையும் வந்து கதையாகச் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் மாமா ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்திருந்தார். பக்கத்துத் தெருவில் காசு வாங்கிக்கொண்டு படம் போடும் வீட்டில் அதைப் போட்டார்கள். வெள்ளைக்காரி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். கீழே ஜனங்கள் கை தூக்கிக் கத்தினார்கள். எனக்குக் கண்ணைப் பறித்தது. அக்கா மட்டும் திரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்து அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்:

"அது அவ குரல் இல்லடி."

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"பாட்டுல மூச்சு எடுக்கிற எடம் எனக்குத் தெரியும்ல. அந்த எடத்துல இவ நெஞ்சு அசையவே இல்ல. வேற எடத்துல அசையுது. அங்கயும் ஒருத்தி முட்டை அட்டைக்கு நடுவுல உக்காந்து பாடியிருக்கா."

வீட்டு வாசலில் நின்று, அப்படிப் பாடியவளுக்குப் பெயர் என்னவாக இருக்கும் என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். பிறகு ஆளையே தெரியவில்லை அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அத்தனை வருடமும் எதையெதையோ நினைத்துப் பயந்திருக்கிறேன், இதை ஒரு நாளும் நினைத்ததில்லை. பதிவு முடிந்திருந்தது, கேசட் இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் அவள் போய்விட்டாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை எங்களில் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப் பெட்டி ஒன்றில் புதுச்சேலை, வளையல், ரிப்பன், சீப்பு, மஞ்சள் எல்லாம் வைத்து மூடி உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருடம் ஒருமுறை தை மாதத்தில் இறக்கிப் படையல் போட்டு, பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச்சேலை வைப்பார்கள். எடுத்த சேலையை வீட்டில் இருக்கும் ஒரு பெண் உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான். இப்படிச் செய்தால் கன்னி வெளியே அலையாமல் வீட்டோடு உட்கார்ந்து காவல் இருப்பாள். அம்மா த்வாண்டேயில் தன் பிறந்த வீட்டில் பார்த்துப் பழகியது இது. பெட்டி கட்டுகிற அன்று நான் வெறுமனே மூலையில் கிடந்தேன். அக்காவின் தலைமாட்டில் எப்போதும் ஒரு கேசட் இருக்கும். அம்மா அதையும் மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள் என்று பிறகுதான் சொன்னாள்.

"அவ பாட்டு அவகூட இருக்கட்டும்," என்றாள்.

அக்கா பாடியதைப் பதிந்து சயா கொடுத்த கேசட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

குளிர்காலத்தில் கேசட் வெளியே வந்தது. அடுத்து வந்த தண்ணீர்த் திருவிழாவில் ஊர் முழுக்க அதுதான். தெருவுக்குத் தெரு மேடை கட்டி, குழாயில் தண்ணீர் பீய்ச்சி, நனைந்து நனைந்து ஆடினார்கள், எல்லோரும் என் அக்காவின் குரலுக்கு. அம்மா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சாத்தினால் நிற்குமா? மேளம் சுவர் வழியாக வந்தது. அதன் மேலே குரல், மேலே ஏறும் அந்த இடம். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மாவின் கை தானாகப் பாயைப் பிடிக்கும்.

திருவிழா முடிந்தும் அது ஓயவில்லை. டீக்கடை, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா நிறுத்தம், படகு, பஸ். அம்மா தோசைக்கல்லின் முன் இருக்கும்போது எதிர்க்கடையில் போட்டுவிடுவார்கள். அம்மா தோசையைத் திருப்ப மறந்து கருகவிடுவாள். ஜனங்கள் அட்டையில் இருந்த பெண்ணின் பெயரைச் சொல்லி ரசிப்பார்கள். எங்களால் வாயைத் திறக்க முடியாது. அம்மாவுக்கு அந்தப் பெயரைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் கவலை வேறு.

"வீட்ல உக்கார வச்ச புள்ள ரோட்ல பாடிக்கிட்டுத் திரியுது. பாட்டைப் பெட்டிக்குள்ள வச்சும் அடங்க மாட்டேங்குதே. என்ன கொறை வச்சேன்?"

இதையே நாளெல்லாம் கேட்பாள். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, முதன்முதலில் குரல் ஏறிய டேப் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவள் வேர் இருக்கும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடங்குவாள் என்று சொல்லிவிட்டார். அம்மா என்னை அனுப்பினாள்.

சயா நல்ல மனிதர்தான். என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் பர்மியத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. பர்மியர்களும் நாட் தேவதைகளுக்குப் படைக்கிறவர்கள்தானே. எழுந்து அலமாரியிலிருந்து பெரிய சுருள் ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இதில்தான் உன் அக்கா பாடினாள். இப்போது இதில் வேறு ஒருவன் பாடியிருக்கிறான். புது டேப்புக்கு நான் எங்கே போவது? எல்லாவற்றின் மேலும் மறுபடி மறுபடி பதிகிறோம். காப்பிகள்தான் இருக்கின்றன, அம்மாவிடம் சொல். ஊர் முழுக்க இருக்கின்றன."

சுருள் கனமாக இருந்தது. யாரோ ஒருவனுக்கு அடியில் என் அக்கா அழிந்து கிடக்கிறாள் என்று நினைத்ததும் கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, மூலம் அழிந்துபோயிற்று என்று சொன்னேன். அம்மா அழுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அம்மா நீண்ட மூச்சு விட்டாள்.

"அப்ப நம்மகிட்ட இருக்கறதுதான் மூலம்," என்றாள். அன்றைக்கு வெகுநாள் கழித்துச் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு தெருவில் குரல் கேட்டால் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள், "நீ இங்கதான இருக்கே" என்று. நான் வருடாவருடம் பெட்டிச் சேலையை உடுத்தினேன். ஓலை வாசமும் மஞ்சள் வாசமுமாக அது உடம்பில் ஒட்டும்.

வெள்ளைக்காரியின் மூன்றாவது கேசட்டையும் மாமா கொண்டுவந்தார். அது கடை வாசலில், விலை குறைத்துக் கொட்டி வைக்கும் கூடையில் கிடந்ததாம். அதில் குரல் வேறாக இருந்தது. அதன் பிறகு அவள் கேசட் வரவே இல்லை. கூடையிலும் இல்லை என்றார் மாமா. கடைக்காரனுக்கே அவளை ஞாபகம் இல்லையாம். மாமாவும் கப்பலை விட்டுக் கரையிறங்கிவிட்டார். அக்காவின் பாட்டும் மெல்லமெல்லக் குறைந்தது. புதுப் பாட்டுகள் வந்தன, கேசட்டே போய் சிடி வந்தது. பஸ்ஸில் ஸ்பீக்கரைத் தேடும் பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

பிறகு அந்தப் பெரிய புயல். எங்கள் கூரைத் தகடுகள் ஆற்றுப்பக்கமாகப் பறந்தன. பெட்டி ஊறிப்போயிற்று. தை மாதம் இல்லாத நாளில் திறக்கலாமா என்று அம்மா தயங்கினாள். சேலையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று நான்தான் வற்புறுத்தினேன். மஞ்சள் துணியைப் பிரித்தபோது கேசட்டின் உள்ளே தண்ணீர், மேலே இருந்த எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அதைக் காயவைத்து, கடையில் கொடுத்துச் சிடியில் ஏற்றிவிட்டால் இனி அழியாது என்றேன். அம்மா அப்போது மிகவும் தளர்ந்திருந்தாள். சரி, ஆனால் திரும்ப வைக்கும் முன்னால் ஒரே ஒருமுறை கேட்கவேண்டும் என்றாள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் போட்டதில்லை.

கடையில் போட்டுப் பார்த்தார்கள். அழுக்குச் சத்தம், பிறகு மேளம், பிறகு குரல். இங்கிலீஷ். அக்கா ஒருநாளும் இங்கிலீஷில் பதிவு செய்ததில்லை. சயாவின் அறையில் பர்மிய வரிகள்தான். தலைமாட்டில் அவள் வைத்திருந்தது தான் பாடிய டேப் இல்லை, கேட்டுப் பழகிய டேப். பாடியவளுக்குத் தன் குரல் எதற்கு? பெட்டி கட்டிய அன்று நானாக இருந்தால் அதைக் கையில் எடுத்தவுடனே தெரிந்திருக்கும். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, அந்தப் பாட்டுகள் வேறொருத்தியுடையவை என்பதும் தெரியாது.

திரும்பி நடக்கும்போது ஒரு பயம் முடிவதற்குள் இன்னொன்று வந்தது. அப்படியானால் அக்கா வீட்டில் உட்காரவே இல்லை. அம்மா கேட்டுக்கேட்டு மாய்ந்தாளே, என்ன குறை என்று, அதுதான் குறை. இதை எப்படிச் சொல்வது? அடுத்த பயம் அதைவிட மோசம். அந்த வெள்ளைக்காரி உயிரோடு இருந்தால்? உயிரோடு இருக்கிறவளுக்குச் செத்தவள் போல வருடாவருடம் படையல் போட்டிருக்கிறோம். நாங்கள் பெட்டியில் வைத்த பிறகுதானே அவள் கேசட் கூடைக்குப் போயிற்று, குரல் மாறிப்போயிற்று, பிறகு வரவே இல்லை.

வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இன்டர்நெட் கடைக்குப் போனேன். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். நான் சொன்ன மேல்நாட்டுப் பெயரை எழுத்துக்கூட்டித் தட்டினாள். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம்கொஞ்சமாக வந்தது. முதலில் மஞ்சள் முடி, பிறகு நெற்றி, பிறகு கண். பருத்துப்போன ஒரு பெண், ஏதோ சந்தைத் திருவிழா மேடையில், மழைக்கோட்டு போட்ட கொஞ்சம் பேர் முன்னால் மைக்கோடு நின்றாள். உயிரோடுதான் இருக்கிறாள். எங்கள் படையல் அவளைக் கொன்றுவிடவில்லை. அந்தப் பெண் கீழே இருந்ததைப் படித்துவிட்டு, "முதல் ரெண்டு கேசட்டுல பாடினது இந்தம்மா இல்லையாம்," என்றாள் பர்மியத்தில். "பின்னாடி வேற ஒருத்தங்க பாடியிருக்காங்க. அவங்க யாருன்னு இப்பவும் யாருக்கும் தெரியலையாம்."

அக்கா சொன்னது சரி. அப்படியானால் படையல் போனது இவளுக்கும் இல்லை. பெட்டியில் இருந்தவள் யார், இருக்கிறாளா இல்லையா, கேட்கக்கூட ஒரு பெயர் இல்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். மேலே ஏறும் இடம் வந்தது. அவள் கை பாயைப் பிடிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இது அவ இல்ல."

நான் கேசட்டை வெளியே எடுத்தேன்.

"இந்தப் புள்ள சாப்பிட்டுட்டுப் பாடுது. நல்லா வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு. நம்ம புள்ள காலி வயித்தோட பாடும்." பிறகு, "அப்ப அவ வெளியிலதான் இருக்கா," என்றாள்.

முன்பு ஊரெல்லாம் இருந்த அக்கா இப்போது எங்கேயும் இல்லை. பழைய கேசட் விற்கும் நடைபாதைகளில் எல்லாம் தேடினேன். சயாவின் இடத்தில் போன் கடை வந்திருந்தது. கடைசியில் மீன் விற்கிறவர் ஒருவர், டாலா பக்கம் ஒரு டீக்கடையில் இன்னும் அந்தப் பாட்டு ஓடுகிறது என்றார். எனக்குப் படகு என்றால் பயம். ஆனாலும் ஆற்றைத் தாண்டிப் போனேன்.

கரையிலிருந்து சைக்காவில் உள்ளே போகவேண்டியிருந்தது. புயலுக்குப் பிறகு தார்ப்பாய் போட்டுக் கட்டிய கடை. கரண்ட் கிடையாது, கார் பேட்டரி ஒன்றில் பழைய கேசட் பெட்டியை மாட்டியிருந்தார்கள். நான் உட்கார்ந்து டீ சொன்னேன். இரண்டு மூன்று பாட்டுக்குப் பிறகு அவள் வந்தாள். டேப் இழுத்து நைந்துபோயிருந்தது, பேட்டரியும் இறங்கியிருந்தது. பாட்டு மெதுவாக ஓடியது. குரல் கனத்து, கீழே இறங்கி, இளைத்து வந்தது. செத்தபோது இருந்த பெண்ணின் குரல் இல்லை அது. இத்தனை வருடமும் வெளியே இருந்து, வெயிலில் மழையில் இருந்து, வயதான ஒரு பெண்ணின் குரல். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கு என்ன வயதோ, அந்த வயது. மேலே ஏறும் இடத்தில் கொஞ்சம் தடுமாறித்தான் ஏறினாள்.

கடைக்காரம்மாவிடம் கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்கத்தான் போனேன். சைக்காக்காரர் ஒருவர் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் டீயைக் குடித்துவிட்டுப் படகுக்குத் திரும்பினேன்.

அம்மா வாசலிலேயே கேட்டாள். டாலாவில் இருக்கிறாள் என்றேன்.

"எப்படி இருக்கா?"

"வயசாயிடுச்சும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் புரிந்தது. "பாடுறாளா?" என்றாள். பாடுகிறாள் என்றேன்.

"அப்ப அங்கயே இருக்கட்டும். இழுத்துட்டு வந்து பெட்டிக்குள்ள போட வேணாம்."

மஞ்சள் துணி பாயின் மேல் விரித்துக் கிடந்தது. இதை என்ன செய்வது என்று கேசட்டைக் காட்டினேன். அம்மா அதை வாங்கித் தன் சேலையில் துடைத்தாள்.

"இத்தனை வருஷம் நம்ம சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருக்கு. இப்பப் போய் வெளிய போன்னு சொல்ல முடியுமா? இருக்கட்டும். இதுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல."

அடுத்த தைக்கு அம்மா இல்லை. படையலை இப்போது நான்தான் போடுகிறேன். புதுச்சேலையை வைத்து, பழையதை உடுத்தி, பெட்டியின் முன் உட்காரும்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பயம் வந்துவிடுகிறது. அதனால் கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் பெயர் தெரியாத அந்தப் பாடகியிடம் சொல்லிவிடுகிறேன். நீ செத்துப்போயிருந்தால் இது உனக்கு, எடுத்துக்கொள். இருந்தால் உனக்கில்லை, தொடாதே. எந்தப் பாஷையில் சொன்னால் அவளுக்குப் புரியும் என்று தெரியவில்லை. தமிழில்தான் சொல்கிறேன். பிறகு இலையில் ஒரு தோசையைச் சுருட்டி வைத்துவிட்டு, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.